பார்க்கலாம் தம்பி

“பார்க்கலாம் தம்பி” என்று சொன்ன மறுநிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது லேசில் விடாது என்று. நம் ஊரில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொன்னாலும் சரி, கைமாற்று கேட்ட இடத்தில் சொன்னாலும் சரி, பொருள் ஒன்றுதான். ஆனால் அந்தப் பையன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “சரிங்கண்ணா, நான் வெயிட் பண்றேன்” என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டுவடை செட் சொன்னான். பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் இரண்டு தட்டுவடைக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு வந்தது. காசையும் அவனே கொடுத்துவிட்டான். கார்த்திகைத் தூறலில் வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டி வந்து சேர்வதற்குள் மூன்று முறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் நிற்கவில்லை.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. பொறியியல் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கொலுசுப் பட்டறையில் இருக்கிறான். அங்கே கணக்கு என்றால் வெள்ளிக் கணக்கு. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு கழித்தது, கூலி எவ்வளவு நிற்கிறது. அப்பா இத்தனை வருஷமாக நீள நோட்டில் எழுதிவந்ததை இவன் பைத்தானில் ஒரு மென்பொருளாக எழுதிவிட்டான். எலெக்ட்ரானிக் தராசிலிருந்து கேபிள் வழியாக எடை நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், கையால் எழுத வேண்டியதில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டும்விட்டான். பக்கத்துப் பட்டறைகள் ஏழெட்டில் ஓடுகிறது. யாரோ என்னைப் பற்றி ‘டெபியன் ஆளு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டெபியன் என்பது விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம், லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில் ஒன்று. தன்னார்வலர்கள் ஒவ்வொரு மென்பொருளையும் பேக்கேஜாகக் கட்டி அதில் சேர்க்கிறார்கள், ‘ஆப்ட்’ என்ற கட்டளையை அடித்தால் அது இறங்கி நிறுவிக்கொள்ளும்.

“டெபியன்ல சேத்துடுங்கண்ணா. ஆப்ட் இன்ஸ்டால்னு அடிச்சா வரணும். அவ்ளோதான்.”

இந்த ‘அவ்ளோதான்’ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

உடைத்தாலும் பரவாயில்லை

அன்று இரவே அவனுடைய ஜிட் கிடங்கைத் திறந்து ரீட்மீ கோப்பைப் படித்தேன். நிறுவும் முறை என்று மூன்று கட்டளைகள். முதலாவது, பைத்தான் நிரல்களை நேராக இணையத்திலிருந்து நிறுவும் பிப் கட்டளை, அதன் வாலில் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற ஆப்ஷன். டெபியன் 12 வந்ததிலிருந்து பிப்பை வைத்து நேராக எதையும் நிறுவப் போனால், இந்தச் சூழலை நிர்வகிப்பது வேறு ஆள் என்று ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவில் 23.04 முதல் இதே கதை. அதைத் தாண்டிப் போகத்தான் அந்த ஆப்ஷன். உடைந்தாலும் பரவாயில்லை, போடு என்று வேண்டுமென்றே பயமுறுத்தும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். பயப்பட வேண்டியவன் அதை நகல் எடுத்து ஏழெட்டுப் பட்டறைக்கும் கொடுத்துவிட்டான். இரண்டாவது கட்டளை, பயனரை டயல்அவுட் குழுவில் சேர்ப்பது. தராசின் கேபிள் வந்து சேரும் சீரியல் போர்ட்டைத் தொட அது வேண்டும், சரி. மூன்றாவது, ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பேக்கேஜை நீக்கு என்றது. அங்கே கொஞ்சம் நெருடியது. ஆனால் அன்றைக்கு அதைத் தாண்டிப் போய்விட்டேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தனியாக நிறுவிக்கொள்ள ஒரு டெப் கோப்பு செய்து கொடுப்பது பெரிய காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆயிற்று. டெபியனுக்குள் கொண்டுபோவது வேறு. நான் டெபியன் மெயின்டெய்னர் மட்டும்தான், முழு டெவலப்பர் இல்லை. மூன்று சின்னப் பேக்கேஜ்களுக்கு எனக்கு அப்லோட் உரிமை உண்டு. புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமென்றால் ஒரு டெவலப்பர் ஸ்பான்சர் செய்ய வேண்டும். பிறகு ‘நியூ’ வரிசையில் போய் உட்கார வேண்டும். அங்கே டெபியன் கிடங்கைக் காக்கும் எஃப்டிபி மாஸ்டர்கள் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பார்ப்பார்கள். எல்லாம் தாண்டி ‘ஸ்டேபிள்’ என்கிற நிலையான வெளியீடு ஒன்றில் அது ஏறிவிட்டால், அந்தப் பதிப்பு அங்கேயே உறைந்துவிடும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். மூன்று வருஷம் வழக்கமான ஆதரவு, அதன் மேல் இரண்டு வருஷம் நீண்டகால ஆதரவு. அதாவது இரண்டு மணி நேர வேலைக்கு ஐந்து வருஷப் பொறுப்பு. தமிழாக்கம் செய்கிறவர்கள் பேக்கேஜுக்குப் ‘பொதி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது கழுதையை ஞாபகப்படுத்துகிறதே என்று சிரிப்பு வந்தது. சுமந்து பார்த்தவன் வைத்த பெயர் என்று இப்போது தோன்றுகிறது.

அநாதை

என் தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்று சொல்லலாம். ஆனால் உண்மைக் காரணம் பழைய குற்ற உணர்ச்சி. 2016-ல் ஒரு சின்ன நிரலைப் பேக்கேஜ் செய்தேன். பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல். டிடிபி சென்டர்களில் பாமினி, வானவில் என்று அடித்து வைத்த கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து குப்பையாகத் தெரியுமே, அதைச் சரிசெய்வது. முதல் அப்லோட் ஏற்கப்பட்ட மின்னஞ்சலை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாயசம் வைத்தாள்.

அது பைத்தான் 2-ல் எழுதியது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிகிறது என்று பல வருஷம் முன்பே அறிவித்திருந்தார்கள். மூல ஆசிரியர் எப்போதோ காணாமல் போயிருந்தார். அவருடைய தளமும் திறக்கவில்லை. நான் உட்கார்ந்து பைத்தான் 3-க்கு மாற்றியிருக்கலாம். அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள், வேலையும் மாறினேன். பிழைப் பட்டியலில் நினைவூட்டல்கள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, அந்தப் பேக்கேஜைக் கைவிடுகிறேன் என்று எழுதிப் போட்டேன். டெபியனில் இதற்கு இருக்கும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘அநாதையாக்குவது’. ஆங்கிலத்தில் அந்த ஒற்றை எழுத்தை மின்னஞ்சல் தலைப்பில் தட்டும்போது உறைக்காது. தமிழில் சொல்லிப் பாருங்கள். யாராவது தத்தெடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. 2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தபோது அது இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஆத்தூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதினார். வினாத்தாள்களும் கட்டுரைகளுமாக ஒரு பெட்டி நிறைய சிடி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக மாற்றி வந்திருக்கிறார். கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்த பிறகு நிரலைக் காணோம். “எங்கே போயிற்று ஐயா? நான் ஏதும் தவறாக அழுத்திவிட்டேனா?” என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பிறகு எழுதலாம் என்று நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன். இந்தப் பையன் வந்தபோதும் அந்த நட்சத்திரம் இன்பாக்ஸில் இருந்தது.

இதற்கு நடுவில் 2019-ல் இன்னொன்று. ஒரு நிரலுக்கு ஐடிபி போட்டேன், இதைப் பேக்கேஜ் செய்ய உத்தேசித்திருக்கிறேன் என்ற அறிவிப்பு. ஐடிபி என்பது நிச்சயதார்த்தம் மாதிரி. இந்தப் பெண்ணுக்கு இடம் பேசியாயிற்று, வேறு யாரும் வர வேண்டாம் என்று ஊருக்குச் சொல்வது. நிச்சயம் செய்துவிட்டு நான் கல்யாணத்துக்கே போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒருவர் மரியாதையாகக் கேட்டார், இன்னும் உத்தேசம் இருக்கிறதா என்று. வேறு யாராவது செய்திருக்கக்கூடிய வேலையை என் பெயர் போட்டு அடைத்து வைத்திருந்தேன். சும்மா இருந்திருந்தாலாவது யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆகவே ‘பார்க்கலாம்’.

பத்துப் பத்து மில்லியாக

முடியாது என்று சொல்வதற்காவது காரணம் வேண்டுமே என்று அவன் நிரலைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். காரணங்கள் கிடைத்தன. ரசீது அச்சடிக்க ஒரு தமிழ் எழுத்துருவை உள்ளேயே வைத்திருந்தான். எங்கிருந்து எடுத்தாய் என்று வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு “நெட்ல கெடச்சதுண்ணா” என்றான். உரிமம் தெரியாத எழுத்துரு நியூ வரிசையில் ஒரு நாள்கூடத் தாங்காது. டெபியனில் லோகித் தமிழ் இருக்கிறது, நோட்டோ இருக்கிறது, அதைப் பயன்படுத்து என்றேன். அரை மணி நேரத்தில் மாற்றி அனுப்பிவிட்டான். நான் முடியாது என்று சொல்வதற்கான காரணங்களை அவன் இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தான்.

பிறகு சோதனைகளை ஓட்டினேன். எழுதியிருந்தான் என்பதே ஆச்சரியம். அதில் ஒன்று: 0.1 கிராம் துண்டுகள் பத்தைக் கூட்டினால் ஒரு கிராம் வர வேண்டும். அவன் மடிக்கணினியில் தேறுகிறது, என்னுடையதில் விழுகிறது. நான் அப்போது சோம்பல்பட்டு டெபியன் 12-லேயே இருந்தேன், அதில் பைத்தான் 3.11. என் கணினி சொன்ன விடை 0.9999999999999999. அவனிடம் உபுண்டு 24.04, அதில் பைத்தான் 3.12. அங்கே சரியாக 1. ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்த பிறகு ஞாபகம் வந்தது. 3.12-ல் ‘சம்’ என்ற உள்ளமைந்த சார்பு தசம எண்களைக் கூட்டும் முறையை மாற்றிவிட்டார்கள், விட்டுப்போகும் துளியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிற முறைக்கு. ஆக, அதே நிரல், அதே வெள்ளி, இரண்டு வெளியீட்டில் இரண்டு விடை. அச்சில் ரவுண்ட் செய்துவிடுவதால் யார் கண்ணுக்கும் படாது என்றான் பையன். “உங்க அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாரேன்” என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “வெள்ளியில பத்து மில்லி காணோம்னாலே அவரு கீழ குனிஞ்சு தேடுவாருண்ணா” என்று வந்தது. எடையைக் கிராமில் தசமமாக வைக்காதே, மில்லிகிராமில் முழு எண்ணாக வை என்று சொன்னேன்.

நானே மாற்றி ஒரு பேட்ச் போட்டிருக்கலாம். பேக்கேஜ் செய்கிறவர்களுக்கு அந்தக் கை அரிப்பு எப்போதும் உண்டு. ஆனால் டெபியன்காரர்கள் யாரும் மறக்காத கதை ஒன்று இருக்கிறது. 2006-ல், தகவலைச் சாவி போட்டுப் பூட்டுகிற ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி குறைசொல்கிறதே என்று இரண்டு வரியை எடுத்துவிட்டார்கள். அந்த வரிகள்தான் சாவி உண்டாக்கத் தேவையான தற்செயல் தன்மையை ஊட்டிக்கொண்டிருந்தன. 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, ஒரு வகைக் கணினியில் ஒரு நீளத்துக்கு மொத்தமே 32,768 சாவிகள்தான் உருவாக முடியும் என்ற நிலை. நல்லெண்ணத்தில் செய்த மாற்றம்தான். அதனால் அடுத்தவர் நிரலில் கணக்குப் பகுதியைத் தொட எனக்குக் கை நடுங்கும். அவனே மாற்றட்டும் என்று விட்டேன். மாற்றிவிட்டான். இரண்டு நாள்.

எஸ்டி, யுஎஸ்

இனி நேரில் பார்க்காமல் முடியாது என்று ஒரு சனிக்கிழமை செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சந்துக்குள் சந்து. மாடியில் ஒரே அறை. ஒரு பக்கம் கம்பியை வளைத்துக்கொண்டு மூன்று பேர், ஊதுகுழலின் நீலச் சுடர், அமில வாடை. மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04, நிறுவிய நாள் முதல் ஒரு அப்டேட்கூடப் பார்க்காதது, இன்டர்நெட் இல்லை. பையனின் அப்பா ஒரு ஜோடி கொலுசைத் தூக்கி எடை போடப் போனார். போடுவதற்கு முன் “ஃபேனை நிறுத்து” என்றார். மூன்று பேரும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எடை பதிந்ததும் ஃபேன் மறுபடி சுற்றியது. அடுத்த ஜோடி, மறுபடி “ஃபேனை நிறுத்து”.

“கண்ணாடிக் கூண்டு இருக்கே, அப்புறம் ஏங்க ஃபேனை நிறுத்தறீங்க?” என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் நிறுத்த மாட்டமுங்க. இவன் கம்ப்யூட்டர் போட்டதுல இருந்துதான்.”

பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான். தராசு சீரியல் போர்ட்டில் என்ன அனுப்புகிறது என்று வெறும் டெர்மினலில் திறந்து காட்டச் சொன்னேன். வரிகள் சரசரவென்று ஓடின. ஒவ்வொரு வரியின் தலையிலும் இரண்டு எழுத்து. கொலுசை வைத்தவுடன் ‘யுஎஸ், யுஎஸ், யுஎஸ்’, எண் ஏறி இறங்கி ஆடுகிறது. ஆட்டம் அடங்கியதும் ‘எஸ்டி, எஸ்டி’, எண் அசையாமல் நிற்கிறது. யுஎஸ் என்றால் அன்ஸ்டேபிள். எஸ்டி என்றால் ஸ்டேபிள். பல கம்பெனித் தராசுகள் பின்பற்றும் வழக்கம்தான் இது. டெபியனில் இருபது வருஷமாக அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள் என்ற மூன்று கிளைகளில் புழங்கிக்கொண்டிருக்கிற எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பையன் அந்த இரண்டு எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு, முதலில் வந்த எண்ணை எடுத்துக்கொண்டிருந்தான். ஆடிக்கொண்டிருக்கும்போதே படித்ததால் காற்று பட்டால் எடை மாறுகிறது. மகன் நிரலைத் திருத்தவில்லை, அப்பா ஃபேனை நிறுத்திவிட்டார். மூன்று பேர் வேர்க்கிறார்கள்.

இன்னொரு வகைத் தராசு கீழ்க்கடையில் இருக்கிறது, அது வேறு மாதிரி அனுப்புகிறது, அதற்குத் தனியாக எழுதியிருக்கிறேன், பக்கத்துச் சந்தில் மூன்றாவது வகை என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அப்போதுதான் அந்த மூன்றாவது கட்டளையைக் கேட்டேன். “பிஆர்எல்டிடிஒய்யை எதுக்கு எடுக்கச் சொல்ற?”

“அது போர்ட்டைப் புடிச்சுக்குதுண்ணா. கேபிளைச் சொருகினா டிடிஒய்னு போர்ட் வரும், அடுத்த செகண்டே காணாமப் போயிடும். மூணு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டேன். அதை எடுத்துட்டா சரியாயிடுது.”

“அது என்னன்னு தெரியுமா?”

“ஏதோ தேவையில்லாததுண்ணா.”

அது பார்வையற்றவர்கள் கணினியைப் படிக்கும் பிரெய்ல் பலகையை இயக்குகிற நிரல். தராசையும் கணினியையும் இணைக்கப் பையன் வாங்கியது சிஎச்340 சிப் போட்ட மலிவான யுஎஸ்பி கேபிள். உலகத்தில் இருக்கிற பாதிச் சாமான்களில் அந்த சிப்தான். அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்கான நூலகச் சேவை வாசகர்களுக்கு இரவல் தரும் 20 செல் பிரெய்ல் கருவி ஒன்றிலும் அதே சிப், அதே அடையாள எண். சொருகியதும் பிஆர்எல்டிடிஒய்க்கு எது கொலுசுத் தராசு, எது பிரெய்ல் பலகை என்று தெரிய வழியில்லை. நம்ம ஆள் வந்துவிட்டார் என்று கையைப் பிடித்துக்கொள்கிறது. உபுண்டு 22.04 வந்த புதிதில் ஆர்டுயினோ வைத்து விளையாடுகிறவர்கள் அத்தனை பேரும் இதில் முட்டிக்கொண்டார்கள். எல்லாரும் சொன்ன தீர்வும் பையன் எழுதியதேதான். நீக்கு.

கிளம்பும்போது அப்பா டீ வரவழைத்தார். “உங்க டெபியன்ங்கறது இந்த முத்திரை போடற ஆபீஸு மாதிரிங்களா?” என்று கேட்டார். தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை உண்டே, அதைச் சொல்கிறார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். “அது வருஷா வருஷம் போடணும்ங்களே” என்றார். என் ஆத்தூர் வாத்தியாருக்குப் பதில் சொல்லத் தெரியாத மாதிரி இதற்கும் எனக்குத் தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

மலையில்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போவேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேலும் கொஞ்சம் போனால் சித்தப்பா வீடு. தபால் துறையில் ஓய்வுபெற்றவர். சில்வர் ஓக் நிழலில் இரண்டு ஏக்கர் காப்பி, மரத்தில் படர்ந்த மிளகு. கண் அழுத்த நோயில் பார்வை போய் ஏழு வருஷம் ஆகிறது. வயதான பிறகு போனதால் பிரெய்ல் பழகவில்லை, காதால்தான் எல்லாம். அவருடைய கம்ப்யூட்டரில் டெபியன் ஓடுகிறது. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் ஈஸ்பீக்கின் தமிழ்க்குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும், அவர் அதை மனிதக் காதுக்கு எட்டாத வேகத்தில் வைத்துக் கேட்பார். நான் போட்டுக்கொடுத்தது இல்லை அது. பென்டிரைவை மட்டும்தான் கொடுத்தேன். டெபியன் நிறுவியைத் துவக்கினால் ஒரு ‘பீப்’ சத்தம் வரும். அப்போது எஸ் என்ற எழுத்தைத் தட்டி என்டர் அடித்தால் நிறுவி பேச ஆரம்பித்துவிடும். அதைக் கேட்டுக்கேட்டு, தனியாக, ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து அவரே நிறுவினார். பிரெய்ல் பலகை இருந்து சொருகியிருந்தால் எஸ்கூடத் தட்ட வேண்டியதில்லை, பிஆர்எல்டிடிஒய் நிறுவிக்குள்ளேயே இருக்கிறது.

அன்றைக்குப் பழம் பறிக்கிற நேரம். காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டது என்று அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தார். அது அடங்கியதும் கொலுசுக் கதையைச் சொன்னேன்.

“அப்ப ரெண்டு சாமானுக்கும் ஒரே நம்பரா கண்ணு?”

“ஆமாங்க சித்தப்பா.”

“அவனுக்கு இவனைத் தெரியாது, இவனுக்கு அவனைத் தெரியாது.”

“ஆமா. ரெண்டு பேருமே தப்பா ஒண்ணும் செய்யல.”

“அத்துக்கல்லு நடறப்ப ரெண்டு காட்டுக்காரனும் பக்கத்துல நிக்கணும். ஒருத்தன் இல்லாதப்ப நட்டா அது செல்லாது. உங்காளு அவன் இல்லாத நேரமாப் பாத்துக் கல்லையே புடுங்கிட்டான்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க எதுக்குடா இருக்கறீங்க?”

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், “வேலிக்காரனுக்குப் போன் போடு, நாளைக்கு வரச்சொல்லு” என்று எருமைக்குப் போய்விட்டார்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அதுவே சுற்றியது. இத்தனை நாளும் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, இந்த மென்பொருள் டெபியனில் சேர்க்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறதா, இதைச் சுமக்க என்னால் முடியுமா என்பது. அவன் நிரல் தனியாக ஓடுகிற வரை அது நல்ல நிரல்தான். பட்டறையில் கம்ப்யூட்டர் அவனுடையது, பிரெய்ல் அங்கே யாருக்கும் வேண்டாம். ஆனால் அதே ரீட்மீயைப் பார்த்து நாளை ஒரு பள்ளிக்கூட லேபில் யாரோ அந்தக் கட்டளையை அடித்தால்? முன்பின் தெரியாத இரண்டு பேரின் சாமான் ஒரே கணினிக்குள் அடுத்தடுத்துக் குடியிருக்க வேண்டியிருக்கிறது. அந்த அத்துத் தகராறைப் பேசித் தீர்க்க இருக்கிற ஒரே இடம் டிஸ்ட்ரோ. பிப், பிளாட்பேக் மாதிரி டிஸ்ட்ரோவைத் தாண்டி நிறுவும் வழிகளுக்கு அது வேலை இல்லை.

அதோடு சேர்ந்து மற்றொன்றும் தெளிந்தது. முழு நிரலும் டெபியனுக்கு ஆகாது. அதில் வரி இருக்கிறது. டெபியன் 9 வெளியானது 2017 ஜூன் 17. ஜிஎஸ்டி வந்தது ஜூலை 1. யாராவது அன்று ஒரு கணக்கு மென்பொருளை அந்த ஸ்டேபிளில் ஏற்றியிருந்தால், இரண்டே வாரத்தில் அது பழைய வரிக்கணக்கு போடும் அருங்காட்சியகப் பொருள். ஸ்டேபிளுக்குப் புதுப் பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் இருக்கிறதே என்பீர்கள். நேர மண்டலத் தரவுக்கும் வைரஸ் தேடும் கிளாம்ஏவிக்கும் ஸ்டேபிளுக்குள்ளேயே புதுப்பிக்க வழி வைத்திருக்கிறார்களே என்பீர்கள். அதையெல்லாம் விடாமல் செய்ய ஆள் இருக்கிறது. இங்கே இருப்பது ஐடிபி போட்டுவிட்டுக் காணாமல் போன நான். வெள்ளிக்கு இன்று 3 சதவீதம். நாளைக்கு மாறினால் ஏழெட்டுப் பட்டறைக்கும் அன்று மாலைக்குள் பையன் புதுப் பதிப்பு கொடுத்துவிடுவான். நான் குறுக்கே நின்றால் அது கெட்டுப்போகும்.

ஆனால் தராசு மாறாது. ஒருமுறை வாங்கினால் பதினைந்து வருஷம் அதே எஸ்டி, அதே யுஎஸ். உறைந்து கிடப்பதால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. கொலுசுக்கு மட்டும் இல்லை, ஜவ்வரிசி மில்லுக்கும் மாங்காய் மண்டிக்கும் தராசு ஒன்றுதான்.

மூன்று தராசு

மறுநாள் பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கணக்கு உன்னிடமே இருக்கட்டும், அதை நான் தொட மாட்டேன். தராசைப் படிக்கிற பகுதியை மட்டும், மற்ற நிரல்களும் பயன்படுத்தும்படி தனி நூலகமாகப் பிரி. எஸ்டி வரும்வரை காத்திருக்கட்டும். மூன்று வகைத் தராசின் வரிகளையும் பிடித்துச் சோதனைக் கோப்பாக வை, தராசு இல்லாதவனும் சோதிக்க முடியும். அது வெளியே நம்பியிருப்பது சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் ஒன்றைத்தான், அது ஏற்கெனவே டெபியனில் இருக்கிறது. யுஎஸ்பி எண்ணைப் பார்த்துத் தானாக எதையும் பிடிக்க வேண்டாம், எந்தப் போர்ட் என்று பயனர் சொல்லட்டும். அப்புறம் அந்த ரீட்மீ. பழைய உபுண்டுவில் பேக்கேஜையே நீக்க வேண்டியதில்லை. எந்தச் சாமானைச் சொருகினால் என்ன செய்வது என்று சொல்லும் அதன் யூடெவ் விதிக்கோப்பை அதே பெயரில் ஈடிசி அடைவுக்கு நகல் எடுத்து, அந்த ஒரு எண் வருகிற வரியை மட்டும் முடக்கினால் போதும்.

அவனுக்கு முகம் சுண்டியிருக்கும், போனில் தெரியவில்லை. “அப்ப முழுசா வராதாண்ணா?” என்றான். வராது என்றேன். இந்த முறை பார்க்கலாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் போனில் ஊதுகுழல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மெயின்டெய்னர்னு யாரு பேரு வரும்?” என்று கேட்டான். ரெண்டு பேரும், உன் பேரு முதல்ல என்றேன். ஒருவர் காணாமல் போனாலும் மற்றவர் இருக்க வேண்டும் என்பதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் பிரித்து முடித்தான். போகியன்று காலையில் ஐடிபி போட்டேன். அதை அனுப்பிவிட்டு, அதே உட்காரலில் ஆத்தூர் ஆசிரியருக்கும் எழுதினேன். தாமதத்துக்கு மன்னிப்பு, நீங்கள் எதையும் தவறாக அழுத்தவில்லை, சிடிகளைக் கொடுத்தால் நானே மாற்றித் தருகிறேன் என்று. மறுமொழி இன்னும் வரவில்லை.

தை மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கொலுசை வைத்தார், எண் ஆடியது, அடங்கியது, திரையில் பச்சையாக எடை விழுந்தது.

“உங்க டெபியன்ல இது எப்பங்க வரும்?”

“அடுத்த ஸ்டேபிளுக்கு இன்னும் ஒண்ணரை வருஷமாவது ஆகுங்க.”

“அதுவரைக்கும்?”

“பென்டிரைவ்தான்.”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த ஜோடியை எடுத்தார்.